650 டிகிரி ரெக்குப்பரேட்டர்: 347ஆ, 625ஆ என்று கேட்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

சிறு கேஸ் டர்பைனுக்கு பிளேட்-ஃபின் ரெக்குப்பரேட்டர் (வெளியேறும் புகைவாயுவின் சூட்டால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும், தகடுகளும் மடித்த ஃபின்களும் அடுக்கிய வெப்பப் பரிமாற்றி) செய்ய முனையும் பெங்களூர் குழுக்களிடம் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 347 ஸ்டெயின்லெஸ் போதுமா, இல்லை பல மடங்கு விலை கொடுத்து 625 என்ற நிக்கல் உலோகக்கலவையை வாங்க வேண்டுமா? இந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. முதல் கேள்வி, எந்திரம் தன் ஆயுளில் எத்தனை முறை நின்று ஓடும் என்பது. இரண்டாவது, எந்த பிரேசிங் ஃபில்லர் (உலையில் உருகி அடுக்குகளை ஒட்டவைக்கும் உலோகம்) என்பது. இவை இரண்டுக்கும் விடை கிடைத்தால் உலோகத் தேர்வு பெரும்பாலும் தானாகவே முடிந்துவிடும்.

பேச்சுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 100 கிலோவாட் வகை டர்பைன். அழுத்த விகிதம் 4.5. ரெக்குப்பரேட்டருக்குள் நுழையும் புகைவாயு 650 டிகிரி செல்சியஸ். எதிர்பார்க்கும் ஆயுள் 40,000 மணி. ஃபின் 0.1 மி.மீ. ஃபாயில், இடைவெளி 1.5 மி.மீ.

முதலில் அழுத்தம். ஃபின் கால் ஒன்றின் இழுதகைவை (ஓர் அலகுப் பரப்பில் விழும் இழுவிசையை) மதிப்பிட எளிய சூத்திரம் உண்டு: அழுத்த வேறுபாட்டை, ஃபின் இடைவெளியிலிருந்து தடிமனைக் கழித்த அளவால் பெருக்கி, தடிமனால் வகுக்க வேண்டும். கடல் மட்டத்தில் 4.5 விகிதம் என்றால் காற்றுப் பக்கத்துக்கும் புகைப் பக்கத்துக்கும் வேறுபாடு ஏறத்தாழ 0.35 மெகாபாஸ்கல். ஃபினில் வருவது சுமார் 5 மெகாபாஸ்கல். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வளிமண்டல அழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவுதான். அதே எந்திரம் இங்குள்ள பீன்யா தொழிற்பேட்டையில் ஓடும்போது வேறுபாடு 0.32க்குக் கீழேயே நிற்கும். இங்கே சோதித்துச் சென்னைக்கு அனுப்பும் யூனிட்டுக்கு அங்கே பத்து சதவீதம் கூடுதல் சுமை காத்திருக்கிறது. கணக்கைக் கடல் மட்டத்துக்கே போடுங்கள்.

5 மெகாபாஸ்கல் சிறிய எண். ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) அட்டவணையில் 650 டிகிரிக்கு 347ஹெச் (347இன் உயர்வெப்பத் தரம்) பெறும் அனுமதித் தகைவு சுமார் 54 மெகாபாஸ்கல். பத்து மடங்கு பாதுகாப்பு இருப்பதுபோல் தோன்றும். இந்த நிம்மதிதான் பல வடிவமைப்புகளைக் கெடுக்கிறது. காரணங்கள் மூன்று.

ஒன்று, அந்த 54 ஃபாயிலுக்கு உரியது அல்ல. ஹெச் தரத்துக்கு ஏஎஸ்டிஎம் அளவுகோலில் 7 அல்லது அதைவிடப் பெரிய கிரெயின் (உலோகத்தின் படிகத் துகள்) வேண்டும். அதாவது சராசரிக் குறுக்களவு சுமார் 30 மைக்ரான். 0.1 மி.மீ. ஃபாயிலில் அப்படிப்பட்ட கிரெயின் தடிமனுக்குள் மூன்றே அடங்கும். உருட்டாலையிலிருந்து வரும் ஃபாயில் வழக்கமாக அதைவிட நுண்ணிய கிரெயினோடு வரும், நுண்ணிய கிரெயின் க்ரீப்பில் (சூட்டில் சுமையின் கீழ் உலோகம் மெல்ல மெல்ல நீள்வதில்) வேகமாக நீளும். ஹெச் அல்லாத சாதாரண 347க்கு அதே வெப்பநிலையில் அட்டவணை தருவது 30 மெகாபாஸ்கல் அளவே. குழாய்க்கும் தகட்டுக்கும் உள்ள க்ரீப் தரவை ஃபாயிலுக்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

இரண்டாவது, வெப்பநிலை. 650 என்பது சராசரி. நுழைவு டிஃப்யூசர் சரியாக இல்லையென்றால் முகப்பின் ஒரு மூலையில் 675, ஏன் 700கூட இருக்கும். வெப்பநிலையையும் தாங்கும் நேரத்தையும் இணைக்கும் லார்சன்-மில்லர் அளவுருவை மாறிலி 20 என்று வைத்துக் கணக்கிட்டால், 650 டிகிரியில் 40,000 மணி தாங்கும் அதே தகைவு, 675இல் சுமார் 9,000 மணிதான் தாங்கும். 700இல் 2,200 மணி. ஐம்பது டிகிரி தவறினால் பதினெட்டில் ஒரு பங்கு ஆயுள். ஆகவே வடிவமைப்பு வெப்பநிலை என்று எழுதுவது சூடான கோட்டின், அதாவது மிகச் சூடான இடத்தின், வெப்பநிலையாக இருக்க வேண்டும். நுழைவு முகப்பில் குறைந்தது ஒன்பது தெர்மோகப்பிள் வைத்து வரைபடம் எடுக்காமல் உலோகத்தை ஆர்டர் செய்வது வீண் செலவு.

மூன்றாவது, வெப்பத் தகைவு. இதுதான் கணக்கில் எல்லாவற்றையும் விழுங்குவது. 347இன் விரிவெண் ஒரு டிகிரிக்கு 18.5 மைக்ரான்/மீட்டர் அளவு. 650 டிகிரியில் நெகிழ்மட்டு 150 கிகாபாஸ்கலை ஒட்டி. முழுதாகப் பிடித்துவைக்கப்பட்ட பகுதியில் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 2.7 மெகாபாஸ்கல் ஏறும். 30 டிகிரி வேறுபாட்டுக்கு 80 மெகாபாஸ்கல். அழுத்தம் தந்த 5 மெகாபாஸ்கலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வேறுபாடு எங்கே வருகிறது? 0.1 மி.மீ. ஃபின் சில விநாடிகளில் சூடாகிவிடும்; அதோடு ஒட்டிய 5 மி.மீ. திண்மமான சைடு பார் (அடுக்கின் ஓரத்தை மூடும் கம்பி) பின்தங்கும். ஹெடர் (வாயுவை அடுக்குகளுக்குப் பகிரும் பெட்டி) இன்னும் பின்தங்கும். டர்பைன் ட்ரிப் ஆகும்போது நேர்மாறு: எரிபொருள் நின்ற நொடியில் சூடான கோர் (அடுக்குத் தொகுதி) வழியாகக் குளிர்காற்று பாயும், ஃபின் சுருங்கும், சைடு பார் சுருங்க மறுக்கும். நிறுத்துவதும் தொடங்குவதைப் போலவே கோரைத் தின்கிறது; இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சூடாக நிற்கும் நேரத்தில் அந்தத் தகைவு க்ரீப் மூலம் தளர்ந்துவிடும். தளர்ந்தது நல்லதாயிற்றே என்று தோன்றும். ஆனால் தளர்ந்த அளவுக்கு உலோகம் நிரந்தரமாக நீண்டிருக்கிறது. குளிரும்போது எதிர்த்திசையில் தகைவு எழும், அடுத்த தொடக்கத்தில் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றும் க்ரீப் நீட்சித்திறனில் ஒரு துளியை எடுத்துக்கொள்கிறது. தொழிற்சாலையில் இடைவிடாமல் ஓடும் எந்திரத்துக்கு 40,000 மணியில் நூறு தொடக்கங்கள் இருக்கலாம். அலுவலக வளாகத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடுவதற்கு 5,000. இரண்டும் ஒரே டர்பைன், ஒரே 650 டிகிரி. ஆனால் இரண்டு வேறு ரெக்குப்பரேட்டர்கள். இதனால்தான் தொடக்க எண்ணிக்கையை முதல் கேள்வியாக வைத்தோம். 5,000 தொடக்கம் என்றால் திண்ம சைடு பாரை விட்டுவிட்டு, மடித்த தகட்டால் செய்த பள்ளவடிவ ஓரத்துக்கு மாறுவது உலோகத்தை உயர்த்துவதைவிட அதிகப் பயன் தரும், செலவும் குறைவு.

ஃபில்லர்: உண்மையான தீர்மானம் இங்கே

காப்பரை இந்த வெப்பநிலைக்கு யோசிக்கவே வேண்டாம், ஆக்சிஜனேற்றத்தில் போய்விடும். போட்டி நிக்கல் ஃபில்லர்களுக்குள்தான்.

பிஎன்ஐ-2 எல்லோருக்கும் பழகியது. நிக்கலோடு 7 சதவீதம் குரோமியம், 4.5 சிலிக்கான், 3 இரும்பு, 3.1 போரான். சுமார் 970இல் உருகத் தொடங்கி 1000இல் முழுதாக உருகும். 1040 முதல் 1080 வரை வைத்தால் நன்றாக ஓடும், இடைவெளி சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் மன்னிக்கும். வேலை எடுத்துச் செய்யும் வெற்றிட உலைக்காரர்கள் இதையே பரிந்துரைப்பது இயல்பு. சிக்கல் போரானில். அது சிறிய அணு. 1050 டிகிரியில் 0.1 மி.மீ. ஃபாயிலுக்குள் இரு பக்கமிருந்தும் விரைவில் ஊடுருவிவிடும். கிரெயின் எல்லைகளில் குரோமியம் போரைடாகப் படியும். இதனால் இரண்டு இழப்பு: எல்லைகள் நொறுங்கும் தன்மை பெற்று க்ரீப் நீட்சி குறைகிறது, போரைடு விழுங்கிய குரோமியம் ஆக்சைடுப் படலத்துக்குக் கிடைக்காமல் போகிறது. இடைவெளி 50 மைக்ரானைத் தாண்டினால் இணைப்பின் நடுவே உடையக்கூடிய யூடெக்டிக் (கடைசியில் உறையும் கலவை) கோடு ஒன்று மிஞ்சும். க்ரீப் விரிசல் அதன் வழியே நேராக ஓடும். நீண்ட நேரம் சூட்டில் வைத்து அந்தக் கோட்டைக் கரைக்கலாம். அப்போது போரான் இன்னும் ஆழமாக ஃபினுக்குள் போகும். தகட்டிலும் தடித்த பாகங்களிலும் பிஎன்ஐ-2 நல்ல ஃபில்லர். மெல்லிய ஃபினில் 600 டிகிரிக்கு மேல் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பிஎன்ஐ-5இல் போரான் கிடையாது. 19 சதவீதம் குரோமியம், 10 சதவீதம் சிலிக்கான். உருகி முடிவது 1135இல், பிரேசிங் 1150 முதல் 1200 வரை. ஃபினை அரிப்பது குறைவு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு அதிகம். ஆனால் இடைவெளியில் கறார்: அகலமான இடத்தில் சிலிசைடு நடுக்கோடு நிற்கும். போரான் இல்லாததால் இதை உருகு-சுழற்சி (உருகிய உலோகத்தைச் சுழலும் உருளையில் கொட்டி உறையவைக்கும்) முறையில் ஃபாயிலாக வார்க்க முடியாது. பைண்டரோடு பொடியாகத்தான் பூச வேண்டும், பூச்சுத் தடிமன் கைக்குக் கை மாறும். இடைப்பட்ட வழியாக 1 முதல் 1.5 சதவீதம் போரான் சேர்த்த பிஎன்ஐ-5ஏ, 5பி வகைகள் 25 முதல் 50 மைக்ரான் ஃபாயிலாகக் கிடைக்கின்றன. 0.1 மி.மீ. ஃபினுக்கு எங்கள் தேர்வு இதுவே. ஃபாயில் தடிமன் எங்கும் ஒரே அளவாக இருப்பது ஒன்றே அந்தச் சிறிய போரானை ஏற்றுக்கொள்ளப் போதுமான காரணம்.

உலையில் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் க்ரீப் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது. ஃபின் உயரம் சைடு பாரைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே வைத்த எடையைப் பார் தாங்கிக்கொள்ளும், ஃபினுக்கு அழுத்தம் போகாது. 40 அடுக்கு கோரில் அடுக்குக்கு இரண்டு வீதம் 38 மைக்ரான் ஃபாயில் உருகும்போது மொத்த உயரம் 3 மி.மீ. வரை இறங்கும். போல்ட் போட்டு இறுக்கிய ஃபிக்சர் இந்த இறக்கத்தைத் தொடராது. நேர் எடைதான் தொடரும். தெர்மோகப்பிள் உலைச் சுவரில் அல்ல, கோரின் நடுவில் இருக்க வேண்டும். உருகு தொடக்கத்துக்கு 40 டிகிரி கீழே நிறுத்தி, நடுவும் ஓரமும் பத்து டிகிரிக்குள் வந்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். கிராஃபைட் தட்டில் ஸ்டெயின்லெஸை நேராக வைத்தால் கார்பன் ஏறும். நடுவே அலுமினா பூச்சோ செராமிக் தாளோ வேண்டும். உலைக்காரரிடம் கேட்க மறக்கக் கூடாத ஒன்று: உருகு நிலையில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை நொடியில் எடுக்கும்? பாதி உருகி உறைந்த போரான் ஃபில்லர் மறுமுறை அதே வெப்பநிலையில் ஓடாது; அதற்குள் போரான் உலோகத்துக்குள் போய் உருகுநிலை உயர்ந்திருக்கும். அந்தக் கோரைக் காப்பாற்ற முடியாது.

பிரேசிங் சுற்றுதான் ஃபாயில் காணும் கடைசி வெப்பச் சிகிச்சை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆலைச் சான்றிதழில் உள்ள கிரெயின் அளவு 1180 டிகிரியில் அரை மணி நின்ற பிறகு இருக்காது. கிரெயின் வளர்வது க்ரீப்புக்கு ஓரளவு நல்லது. ஆனால் தடிமன் முழுவதும் ஒரே கிரெயின் என்ற நிலை வந்தால் ஓர் எல்லை திறந்தாலே ஃபின் அறுந்தது என்று பொருள். பிரேசிங்குக்குப் பிறகான கிரெயின் அளவைத்தான் வடிவமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

இனி உலோகம்

347இல் 18 சதவீதம் குரோமியம். புகைவாயுவில் நீராவி உண்டு. ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்து குரோமியம் ஆக்சைடை ஆவியாகும் சேர்மமாக மாற்றி எடுத்துச் செல்லும். உலோகம் மறுபடி குரோமியத்தைக் கொடுத்துப் படலத்தைக் கட்டும். தடித்த குழாயில் இருப்பு அதிகம், ஃபாயிலில் இருப்பு கொஞ்சம். இருப்பு தீர்ந்ததும் இரும்பு ஆக்சைடு முடிச்சுகள் கிளம்பி ஃபினைத் துளைத்துவிடும். ஈரக்காற்றில் 650 டிகிரியில் 347 ஃபாயிலுக்கு இது சில ஆயிரம் மணியிலேயே தொடங்கக்கூடும் என்பது ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் நுண்டர்பைன் ரெக்குப்பரேட்டர் ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. ஆகவே 650 டிகிரியில் 347ஐ விலக்குவது அதன் க்ரீப் வலு அல்ல, நீராவி. இதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிது: சூடான கோடு 600க்குள் நிற்கும் என்று அளந்து காட்ட முடிந்தால் 347 நல்ல, மலிவான, பற்றவைக்க எளிதான உலோகம். முடியாதென்றால் வேண்டாம்.

625இல் குரோமியம் 20 முதல் 23, நிக்கல் 58க்கு மேல், மாலிப்டினம் 8 முதல் 10, கூடவே நையோபியம். 650இல் க்ரீப் வலு 347ஐவிட வெகு உயரம், நீராவியைப் பற்றிய கவலை தீர்ந்தது, விரிவெண்ணும் குறைவு. குறை என்னவென்றால், 650 முதல் 750 வரையிலான வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் நையோபியம் சார்ந்த கட்டங்கள் படிந்து, அறை வெப்பநிலையில் நீட்சித்திறன் இறங்கும். ஓடும்போது தெரியாது, நிறுத்திக் குளிர்ந்த நிலையில் ஹெடரைப் பழுதுபார்க்கப் பற்றவைக்கும்போது தெரியும். இடையில் ஹெச்ஆர்-120 என்ற 37 நிக்கல், 25 குரோமியம் உலோகக்கலவை இருக்கிறது; 20 குரோமியம், 25 நிக்கலோடு நையோபியம் சேர்த்த ஸ்டெயின்லெஸும் இருக்கிறது. இவை இரண்டும் 625ஐவிட நிக்கல் குறைந்தவை, நீராவியைத் தாங்குபவை. 650 டிகிரி எடுத்துக்காட்டுக்கு ஹெச்ஆர்-120தான் எங்கள் முதல் தேர்வு, ஆனால் 0.1 மி.மீ. ஃபாயில் சிறு அளவில் வாங்குவது கடினம், குறைந்தபட்ச ஆர்டர் அளவு முன்மாதிரிக்குத் தேவையானதைவிடப் பெரிதாக இருக்கும். கிடைக்கவில்லை என்றால் 625. ஃபின்னுக்கு 625, சைடு பாருக்கு 347 என்று கலக்க நினைப்பவர்கள் விரிவெண் வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 5,000 தொடக்க எந்திரத்தில் அந்தக் கலப்பு வேண்டாம்.

617 என்ற நிக்கல் உலோகக்கலவை பற்றியும் கேட்கிறார்கள். ஏஎஸ்எம்இயின் என்-898 கோட் கேஸ் (கூடுதல் விதி) இதை 954 டிகிரி வரை அணுவுலைப் பாகங்களுக்கு அனுமதிக்கிறது. 750க்கு மேல் போகும் உயர்வெப்ப வாயு அணுவுலை போன்ற வேலைகளுக்கு இது பொருத்தம். பிரேசிங்கில் தொந்தரவு: அதிலுள்ள அலுமினியமும் டைட்டேனியமும் வெற்றிடத்திலும் ஆக்சைடுத் திரை போட்டு ஃபில்லரைப் பரவவிடாது, முன்கூட்டி மெல்லிய நிக்கல் முலாம் வேண்டும். 650க்கு இது தேவையற்ற சுமை.

அழுத்தம் பெரிதானால் பிளேட்-ஃபினே வேண்டுமா?

இந்திய அறிவியல் கழகத்தில் சூப்பர்கிரிட்டிக்கல் கார்பன் டை ஆக்சைடு பிரேட்டன் சோதனை வளையம் (உயரழுத்தக் கார்பன் டை ஆக்சைடால் டர்பைன் சுற்றைச் சோதிக்கும் அமைப்பு) இருப்பதால், இந்தக் கேள்வி பெங்களூரில் அடிக்கடி எழும். அங்கே ஒரு பக்கம் 20 மெகாபாஸ்கல், மறுபக்கம் 8 என்று வைத்தால் வேறுபாடு 12. நம் 0.1 மி.மீ. ஃபினில் அது 168 மெகாபாஸ்கல் தரும், பேச்சுக்கே இடமில்லை. 0.2 மி.மீ. ஃபின், 1 மி.மீ. இடைவெளி என்று நெருக்கினால் 48. 650 டிகிரியில் 316ஹெச் ஸ்டெயின்லெஸின் அனுமதித் தகைவு 51 அளவு. பிரேசிங் குறைபாட்டுக்கு விட இடமே இல்லை. டிஃப்யூஷன் பாண்டிங் (ஃபில்லர் இல்லாமல் சூட்டாலும் அழுத்தத்தாலும் தகடுகளை ஒன்றாக்குவது) செய்த, பொறித்த தகட்டு வெப்பப் பரிமாற்றியில் 2 மி.மீ. கால்வாய்க்கு நடுவே 1 மி.மீ. சுவர் விட்டால் 24. இணைப்புக்கு வழக்கமான 0.7 காரணியால் வகுத்தாலும் 34. நிறை பல மடங்கு கூடும், சூடாக நேரம் எடுக்கும். நிலையாக ஓடும் வளையத்துக்கு அது பாதகமில்லை. இந்த அழுத்தத்தில் நாங்கள் பிளேட்-ஃபினைப் பரிந்துரைக்க மாட்டோம். பாண்டிங் கோட்டில் கிரெயின்கள் தாண்டி வளர்ந்திருக்கிறதா என்று மட்டும் நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள்; கோடு நேராகத் தெரிந்தால் க்ரீப்பில் அதுவே பிரியும்.

சோதனை: கசிவு பார்ப்பது போதாது

ஹீலியம் சோதனையில் தேறிய கோரை நம்பிவிடுவது பிளேட்-ஃபினில் மிகவும் ஆபத்தான பழக்கம். பார்ட்டிங் ஷீட்டும் (அடுக்குகளைப் பிரிக்கும் தகடு) சைடு பாரும் சேராவிட்டால்தான் கசியும். உள்ளே ஒரு ஃபின் கால் ஒட்டவே இல்லையென்றாலும் ஒரு துளி ஹீலியமும் வெளியே வராது. ஆனால் பக்கத்துக் காலுக்குச் சுமை இரட்டிப்பு வரை ஏறலாம். க்ரீப் வேகம் தகைவின் ஏழாம் அடுக்கைப் பொறுத்தது என்று எடுத்தால், இரட்டைத் தகைவு 128 மடங்கு வேகம். அந்தக் கால் அறுந்ததும் அடுத்தது. வரிசையாகப் பிரியும், தகடு உப்பும். ஃபினை வளைக்கும்போது தடிமன் பத்து சதவீதம் மெலிந்தாலே வேகம் இரண்டு மடங்காகிவிடும் என்பதையும் இதே கணக்கு சொல்லும். எனவே அறை வெப்பநிலையில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் ஏற்றி, வெளித் தகட்டை டயல் கேஜால் கட்டம் கட்டமாக அளந்து, எங்கே உப்புகிறது என்று பார்க்க வேண்டும். வெளி அடுக்குகளுக்கே இது காட்டும். உள் அடுக்குகளுக்கு, அதே உலையில் அதே சுற்றில் வைத்த துணைக் கோர் ஒன்றை அறுத்து ஃபில்லட்டுகளை (இணைப்பு மூலைகளில் உறைந்த ஃபில்லரை) எண்ணுவதைத் தவிர வழியில்லை.

க்ரீப் சோதனைக்கும் அந்தத் துணைக் கோரிலிருந்தே மாதிரி எடுங்கள். தட்டையான ஃபாயில் மாதிரி ஃபாயிலைப் பற்றித்தான் சொல்லும், இணைப்பைப் பற்றிச் சொல்லாது. மூன்று அடுக்கு, சுமார் 50 மி.மீ. சதுரம், ஒரு பக்கத்தில் சிறு குழாய் பற்றவைத்து ஆர்கான் அழுத்தம் கொடுத்து உலையில் வைத்தால், கசியும் நேரமே விடை. உள்ளே அடையும் வாயுவின் கன அளவைக் குறைக்க நிரப்புத் தண்டு செருகுங்கள், உலையைச் சுற்றித் தடுப்பு வையுங்கள், வெடித்தால் சிதறும். 700 டிகிரியில் வைத்தால் 2,200 மணி, அதாவது மூன்று மாதம், 650இன் 40,000 மணிக்குச் சமம் என்று முன்சொன்ன கணக்கு காட்டும். ஆனால் அளந்த நேரத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நீட்டிச் சொல்வதைத் துறை ஏற்பதில்லை. அதனால் 700இல் ஒன்று, 675இல் ஒன்று என்று தொடங்கி, மூன்றாவதை 650லேயே போட்டு எந்திரம் களத்துக்குப் போன பிறகும் ஓடவிடுங்கள். மூன்றுக்கும் ஒரே ஃபாயில் சுருள், ஒரே ஃபில்லர் தொகுதி, ஒரே உலைச் சுற்று. சுருள் எண்ணை மாதிரியின் சைடு பாரில் பொறித்துவையுங்கள். மையால் எழுதியது 700 டிகிரியில் நிற்காது.